ஞாயிற்றுக்கிழமை ரொட்டி

ரொட்டி போன வழி: தொடர் – 17

கிராகூவ் நகரத்து யூதச் சபை 1610இல் எழுதிவைத்த விதிகளிலேயே பேகல் என்ற வளைய ரொட்டி வந்துவிடுகிறது. ஆகவே 1683 வியன்னாப் போரில் வென்ற போலந்து மன்னருக்காகத்தான் அதை முதலில் சுட்டார்கள் என்ற கதை நிற்காது என்று சென்ற இதழில் முடித்திருந்தோம். இந்த இதழில் பேகல் கப்பலேறுகிறது.

1880களில் தொடங்கி 1924 வரை கிழக்கு ஐரோப்பாவிலிருந்து சுமார் 20 லட்சம் யூதர்கள் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்கள். அதில் பெரும்பகுதியினர் நியூயார்க்கிலேயே தங்கிவிட்டார்கள். லோயர் ஈஸ்ட் சைடின் நெரிசலான தெருக்களில் தையல் வேலை பார்த்தார்கள், தள்ளுவண்டியில் காய்கறி விற்றார்கள், தங்கள் ரொட்டியைத் தாங்களே சுட்டுத் தின்றார்கள். அடுத்த அரை நூற்றாண்டில் அந்த மக்களின் பிள்ளைகள் டாக்டர்களாகவும் வக்கீல்களாகவும் ஊர் ஊராகப் பரவினார்கள். பேகல் மட்டும் நியூயார்க்கைவிட்டு அதிக தூரம் நகரவில்லை.

ஏன் என்று கேட்டால் மதம், பழக்கம், பிறருக்கு இருந்த அசூயை என்று பல பதில்கள் சொல்கிறார்கள். எனக்குப் படுவது இன்னும் சாதாரணமான காரணம்: பேகல் சீக்கிரம் விறைத்துப்போகும்.

உயர்ந்த புரதமுள்ள கோதுமை மாவு, கொஞ்சம் தண்ணீர், உப்பு, ஈஸ்ட், மால்ட். அசல் பேகலில் இவ்வளவுதான். வெண்ணெய் கிடையாது, பால் கிடையாது. ரொட்டியை மெத்தென்று வைத்திருக்கும் கொழுப்பு எதுவும் இல்லாததால், அடுப்பைவிட்டு வெளியே வந்த நாலைந்து மணி நேரத்துக்குத்தான் அதன் வாழ்வு. அதற்குள் தின்றால் மேலே மினுமினுப்பான கெட்டித் தோல், உள்ளே பல்லோடு மல்லுக்கட்டும் மாவு. காலையில் வாங்கியதை மாலையில் கடித்தால் தாடை வலிக்கும். அடுத்த ஊருக்கு அனுப்புவது என்றால், அந்த ஊரிலேயே சுட ஆள் வேண்டும். அந்த ஆள்தான் எளிதில் கிடைக்கமாட்டார்.

பேகல் சுடுவது கைப்பழக்கத்தில் வரும் தொழில். நிலவறை பேக்கரிகளில் நான்கு பேர் கொண்ட அணிகளாக வேலை செய்தார்கள். இரண்டு பேர் மேடையில், ஒருவர் கொப்பரையில், ஒருவர் அடுப்பில். மேடைக்காரர் மாவிலிருந்து ஒரு பட்டையை இழுத்து, உள்ளங்கையால் கயிறுபோல் உருட்டி, நான்கு விரல்களின் புறத்தைச் சுற்றிக்கொண்டு வந்து, இரு முனைகளும் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடத்தைப் பலகையில் வைத்து ஒரு தேய்ப்புத் தேய்ப்பார். வளையம் தயார். இதைச் சொல்ல எனக்கு ஆன நேரத்தில் அவர் மூன்று நான்கு போட்டிருப்பார். கொப்பரைக்காரர் அந்த வளையங்களைக் கொதிக்கும் தண்ணீரில் ஒரு நிமிடம் போலப் போட்டு எடுப்பார். இதுதான் பேகலைப் பேகலாக்கும் கட்டம். மேல்மாவு கொதிநீரில் வெந்து பசையாகிவிடுவதால் அடுப்புக்குள் போனபின் ரொட்டி அதிகம் உப்ப முடியாது. உள்ளே இறுக்கம் நிற்கும், வெளியே பளபளப்பு ஏறும். வெளியே பனி கொட்டும் மாதத்திலும் கீழே இடுப்புக்குமேல் துணியில்லாமல்தான் ஆட்கள் நின்றார்கள், அவ்வளவு வெக்கை.

இந்த ஆட்களின் சங்கத்துக்கு லோக்கல் 338 என்று பெயர். அதன் பலம் உறுப்பினர் எண்ணிக்கையில் இல்லை. மொத்தமே 300 பேர் அளவில்தான். ஆனால் அப்பனுக்குப் பிறகு மகன், மாமனுக்குப் பிறகு மருமகன் என்று உறவுக்குள்ளேயே இடம் கைமாறியது. வெளியாளுக்கு வேலையைக் கற்றுக்கொடுப்பதில்லை. கூட்டக் குறிப்பைக்கூட இத்திஷ் மொழியில் எழுதினார்கள். கூலி நன்றாக இருந்தது. 1951 டிசம்பரில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது நகரத்தின் 34 பேகல் பேக்கரிகளில் 32 மூடிக்கிடந்தன. நியூயார்க் டைம்ஸ் அதைப் பேகல் பஞ்சம் என்று செய்தியாக்கியது. பேகலோடு சேர்த்துத் தின்னும் லாக்ஸ் என்கிற பதப்படுத்திய சால்மன் மீனின் வியாபாரமும் சரிந்தது. 300 பேர் கையை மடக்கிக்கொண்டால் ஒரு மாநகரத்தின் ஞாயிற்றுக்கிழமைக் காலை நின்றுபோகும் என்று காட்டியவர்கள் அவர்கள்.

அந்தச் சங்கத்தின் எல்லைக்கு வெளியே, வடகிழக்கே சுமார் 130 கிலோமீட்டரில், கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரில், இன்னொரு குடும்பம் பேகல் சுட்டுக்கொண்டிருந்தது.

ஹாரி லெண்டர் போலந்தின் லூப்ளின் நகரத்து ரொட்டிக்காரர். 1924இல் அமெரிக்கா கொண்டுவந்த குடியேற்றச் சட்டம் கிழக்கு ஐரோப்பியர்களுக்குக் கதவை முக்கால்வாசி சாத்திவிட்டது. மிச்சமிருந்த இடுக்கு வழியாக 1927இல் உள்ளே வந்தவர் இவர். மனைவி ரோஸும் மூத்த பிள்ளைகளும் பின்னால் வந்து சேர்ந்தார்கள். நியூ ஜெர்சியில் இன்னொருவர் பேக்கரியில் கொஞ்ச காலம் வேலை பார்த்துவிட்டு, நியூ ஹேவனில் ஓக் தெருப் பக்கம் சொந்தக் கடை போட்டார். நியூயார்க்குக்கு வெளியே தோன்றிய முதல் பேகல் பேக்கரிகளில் அது ஒன்று. விந்தை என்னவென்றால் கடைக்கு அவர் வைத்த பெயர் நியூயார்க் பேகல் பேக்கரி. ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் சரக்குக்கு மதிப்பு ஏற்றவேண்டியிருந்தது.

ஓக் தெரு யூதர்கள் மட்டும் வாழ்ந்த இடமல்ல. இத்தாலியர்கள், போலந்துக்காரர்கள், ஐரிஷ்காரர்கள், கறுப்பின மக்கள் எல்லாரும் அடுத்தடுத்த வாசல்களில் இருந்தார்கள். சர்ச்சுக்குப் போய்த் திரும்பும் இத்தாலியக் குடும்பமும் வழியில் அரை டஜன் பேகல் வாங்கிப் பார்த்தது. பேகல் யூதரல்லாதவர் வாய்க்கும் போகும் என்ற செய்தி லெண்டர் வீட்டுப் பிள்ளைகளுக்கு எந்தச் சந்தை ஆய்வும் இல்லாமல் கல்லாவில் நின்றபடியே தெரிந்துவிட்டது. பிற்பாடு அவர்கள் எடுத்த முடிவுகளுக்கெல்லாம் அடிப்படை இந்தத் தெருதான் என்று நினைக்கிறேன். (அந்தப் பேட்டையை 1950களின் இறுதியில் நெடுஞ்சாலைக்காக இடித்துத் தள்ளினார்கள். நகர மேம்பாடு என்று பெயர்.)

ஆனால் வியாபாரத்தில் ஒரு முடிச்சு இருந்தது. வெள்ளிக்கிழமை சூரியன் மறைந்தால் யூதர்களுக்குச் சபத்து, அடுப்பு மூட்டக்கூடாது. சனிக்கிழமை இருட்டியபிறகுதான் வேலை தொடங்கும். வாங்குகிறவர்களுக்கோ ஞாயிற்றுக்கிழமைக் காலைதான் பேகல் நாள். வாரம் முழுக்க ஈயோட்டிவிட்டு ஒரே இரவில் எல்லாவற்றையும் சுட்டு இறக்கவேண்டும். தீபாவளிக்கு முந்தைய இரவு நம் ஊர் ஸ்வீட் ஸ்டால் படும் பாட்டை வாரம் தவறாமல் படுவதாக வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் நடக்கத் தெரிந்த பிள்ளைகள் எல்லாரும் அந்த இரவில் பேக்கரிக்கு வந்துவிடவேண்டும். எண்ணி அடுக்குவது சின்னவர்கள் வேலை. அப்படி எண்ணி அடுக்கியவர்களில் இருவர்தான் 1930இல் பிறந்த மரியும், அவருக்குப் பதினோரு வயது இளையவரான மார்வினும்.

1950களின் நடுவில் மரியும் தகப்பனாரும் ஒரு ஃபிரீசர் வாங்கினார்கள்.

இதன் பின்னாலிருக்கும் விஞ்ஞானம் சின்னதுதான், ஆனால் வீட்டில் ரொட்டி வாங்கும் எல்லாருக்கும் உதவும். ரொட்டி விறைப்பதற்கு ஈரம் காய்வது மட்டும் காரணமல்ல. வெந்தபோது நீரை உறிஞ்சித் தளர்ந்திருந்த மாவுச்சத்து, ஆறியபின் மெல்ல மெல்லப் பழைய ஒழுங்குக்குத் திரும்பிக் கெட்டிப்படுகிறது. குளிர்ச்சியில் இந்த வேலை இன்னும் வேகமாக நடக்கும். அதனால்தான் ஃபிரிட்ஜில் வைத்த ரொட்டி வெளியே வைத்ததைவிடச் சீக்கிரம் கட்டையாகிறது. உறைநிலைக்கு நன்றாகக் கீழே போய்விட்டால் மட்டும் எல்லாம் அப்படியே நின்றுவிடும். சுட்ட சூடு ஆறியதும் உறையவைத்து, தேவைப்படும்போது எடுத்துச் சூடுகாட்டினால், நின்ற இடத்திலிருந்து ரொட்டியின் கடிகாரம் மறுபடி ஓடத் தொடங்கும்.

லெண்டர் குடும்பம் செய்தது இதைத்தான். திங்கள் முதல் வியாழன் வரை சாவகாசமாகச் சுட்டார்கள். ஃபிரீசரில் அடுக்கினார்கள். சனிக்கிழமை இரவு வெளியே எடுத்துவைத்து, ஞாயிறு காலை புதுச் சரக்காக விநியோகித்தார்கள். கடைக்காரர்களிடம் மூச்சுவிடவில்லை. யாருக்கும் வித்தியாசம் தெரியவும் இல்லை. ஒரு நாள் உருகுவதற்கு முன்பே சரக்கு வண்டியேறிப் போய்விட்டதாம். கல்லுக்கல்லாக இருந்த பேகலைக் கையில் வாங்கிய பிறகுதான் கடைக்காரர்களுக்கு விஷயம் புரிந்தது என்பது அந்தக் குடும்பம் சிரித்துக்கொண்டே சொல்லிவந்த கதை. அதுவரை நல்ல பேகல் என்று வாங்கியவர்கள் அன்றைக்குத் திட்டியிருப்பார்கள். ஆனால் இத்தனை நாள் கண்டுபிடிக்காததை இனிமேல் என்ன சொல்லித் திட்டுவது?

ஹாரி 1960இல் காலமானார். பிள்ளைகளுக்கு முன்னே இருந்தது வேறு அமெரிக்கா. 1950களில் தொலைக்காட்சிக்கு முன் உட்கார்ந்து தின்னும் உறைந்த சாப்பாட்டுத் தட்டுகள் வீடுகளுக்குள் நுழைந்திருந்தன. சூப்பர் மார்க்கெட்டுகள் உறைபொருளுக்கென்று வரிசை வரிசையாகப் பெட்டிகள் போட்டன. சமையலறையில் டோஸ்டர் இல்லாத வீடு அபூர்வம். மரி பேகலை ஆறு ஆறாக பிளாஸ்டிக் பையில் போட்டு அந்தப் பெட்டிக்குள் நுழைத்தார். உறைந்த பேகலைக் கத்தியால் பிளப்பது விரலுக்கு ஆபத்து என்பதால் முன்கூட்டியே பிளந்து வைத்தார். வெங்காயம், முட்டை, உலர்திராட்சை என்று வகைகள் சேர்த்தார். பழைய ஆட்கள் உலர்திராட்சையைக் கண்டு முகம் சுளித்தார்கள். அவர் யாருக்கு விற்க நினைத்தாரோ அவர்கள் பழைய ஆட்களைப் பார்த்ததே இல்லை.

இப்போது கேட்பார் இருந்தார்கள்; போட்டுக்கொடுக்கத்தான் கை போதவில்லை. அதற்கு விடை மூவாயிரம் மைல் தள்ளி ஒரு கார் கொட்டகையில் இருந்து வந்தது.

டேனியல் தாம்ஸன் கனடாவின் வினிபெக்கில் பிறந்து லாஸ் ஏஞ்சலஸில் வளர்ந்தவர். தகப்பனார் ரொட்டிக்காரர், பேகல் போட ஓர் எந்திரம் கண்டுபிடிக்கவேண்டும் என்று காலமெல்லாம் முயன்று தோற்றவர். மகன் பள்ளி ஆசிரியரானார். சக்கரம் வைத்து மடக்கும் டேபிள் டென்னிஸ் மேசைக்கு 1953இல் காப்புரிமை வாங்கினார். அந்த ஒன்றே ஆயுளுக்குப் போதும். ஆனால் தகப்பனின் பேய் மகனைப் பிடித்திருந்தது. மனிதக் கை மாவை விரல்களைச் சுற்றி உருட்டுகிறது அல்லவா, அந்த விரல்களின் இடத்தில் ஓர் உலோகத் தண்டு. உள்ளங்கையின் இடத்தில் நகரும் பட்டை. தண்டைச் சுற்றி மாவு வளைந்து, குழாய்க்குள் உருண்டு, மறுமுனையில் வளையமாக விழும். தாம்ஸனும் மனைவி ஏடாவும் 1961இல் கம்பெனி தொடங்கினார்கள். 1963இல் எந்திரத்தை முதலில் குத்தகைக்கு எடுத்தது லெண்டர் குடும்பம். கையால் போடுகிறவர் மணிக்கு 120 போடும் இடத்தில், பயிற்சியே இல்லாத ஓர் ஆள் எந்திரத்தை வைத்து 400 போட்டார்.

ஒரு விலை இருந்தது. நியூயார்க் மேடைக்காரர்கள் பிசைந்த இறுக்கமான மாவு எந்திரத்தில் சிக்கியது. மாவை இளக்கவேண்டியிருந்தது. இளகிய மாவு மெத்தென்ற பேகலைத் தந்தது. பல்லுக்கு வேலை வைக்காத அந்தப் பேகலைத்தான், வெள்ளை ரொட்டி தின்று பழகிய அமெரிக்கா விரும்பியது. எந்திரத்துக்காகச் செய்த சமரசமே சந்தையைத் திறந்துவிட்டது. இதைக் கெடுத்தார்கள் என்பவர்கள் இன்றும் நியூயார்க்கில் நிறைய உண்டு. அவர்கள் சொல்வதில் ருசியைப் பொறுத்தவரை நியாயமும் உண்டு. ஆனால் நியூயார்க்கின் பழைய பேகல் எத்தனை அருமையாக இருந்தாலும், ஓஹாயோவில் ஒரு பஸ் டிரைவர் அதைத் தின்றிருக்க வழியே இல்லை. லெண்டர் பேகலை அவர் தின்றார். எனக்கு இதில் லெண்டர் பக்கம்தான்.

லோக்கல் 338க்கு நேர்ந்ததை மட்டும் அத்தனை எளிதாகக் கடந்துபோக முடியவில்லை. எந்திரப் பேகலை வாங்காதீர்கள் என்று அவர்கள் கடை வாசலில் நின்று கேட்டார்கள். வேலைநிறுத்தம் செய்தால் முன்பு நகரமே தவித்தது. இப்போது சூப்பர் மார்க்கெட் பெட்டியில் நியூ ஹேவன் சரக்கு இருந்தது. கற்றுக்கொடுக்காமல் பூட்டிவைத்த வித்தைக்கு ஒரு குத்தகை எந்திரம் பதிலாக வந்துவிட்டால் பேரம் பேச எதுவும் மிஞ்சாது. 1970களின் தொடக்கத்தில் அந்தச் சங்கம் தனிச் சங்கமாக இல்லாமல் போயிற்று. அவர்களை வீழ்த்தியவர்களும் அதே லூப்ளின், வார்சா வழியாக வந்த ரொட்டிக்காரர்களின் பிள்ளைகள்தான்.

அமெரிக்கா முழுவதையும் பேகல்மயமாக்குவேன் என்பது மரியின் பல்லவி. தானே விளம்பரங்களில் தோன்றினார். செயின்ட் பேட்ரிக் தினத்தில் ஐரிஷ்காரர்களுக்காகப் பச்சை நிறப் பேகல் போட்டார். தின்ன எப்படி இருந்ததோ, பத்திரிகையில் படம் வந்தது. 1984இல் கம்பெனியை கிராஃப்ட் நிறுவனத்துக்கு விற்றபோது நடந்த கூத்து இன்னும் பெரிது. கிராஃப்டிடம் ஃபிலடெல்ஃபியா கிரீம் சீஸ் இருந்தது. பேகலும் கிரீம் சீஸும் ஏற்கெனவே ஊரறிந்த ஜோடி. ஆகவே பேகல் வேடமிட்ட மாப்பிள்ளைக்கும் கிரீம் சீஸ் வேடமிட்ட மணமகளுக்கும் மேடைபோட்டுக் கல்யாணமே நடத்தினார்கள்.

கிராஃப்ட் கையில் இருந்தபோது இல்லினாய் மாநிலத்தின் மாட்டூன் என்ற சிற்றூரில் லெண்டர் ஆலை வந்தது. சுற்றிலும் சோளக்காடு. யூதர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுகூட இல்லாத அந்த ஊரில் 1986இல் மரி தெருவில் மேசைபோட்டு ஊராருக்கு இலவசப் பேகல் காலையுணவு கொடுத்தார். அது ஆண்டுதோறும் நடக்கும் பேகல் திருவிழாவாகிவிட்டது. 1998இல் அதே ஊரில் 714 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 324 கிலோ எடையில் ஒரே ஒரு பேகல் சுட்டுக் கின்னஸில் ஏறினார்கள்.

ஆனால் அதற்குள் காற்று திரும்பியிருந்தது. உறைந்த பேகலில் பழகிய நாக்கு, சூடான பேகல் கிடைத்தால் விடுமா? 1983இல் ப்ரூகர்ஸ், 1989இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் நோவாஸ் என்று பேகல் உணவகச் சங்கிலிகள் கிளம்பின. 1995இல் ஐன்ஸ்டைன் பிரதர்ஸ் வந்தது. பெயரைப் பார்த்து இன்னொரு அகதிக் குடும்பம் என்று நினைத்துவிடாதீர்கள். மெல்வின், எல்மோ என்று அந்தக் கடை சொல்லிக்கொண்ட புரூக்ளின் சகோதரர்கள் விளம்பரத்துக்காகக் கற்பித்த பாத்திரங்கள். கடையைத் தொடங்கியது பாஸ்டன் சிக்கன் என்ற கோழி உணவகக் கம்பெனி. மரியும் மார்வினும் சனிக்கிழமை இரவுத் தூக்கத்தைத் தொலைத்துச் சேர்த்த குடும்பப் பெயரைப் போல் ஒன்றை, இவர்கள் ஓர் அலுவலக அறையில் உட்கார்ந்து செய்துகொண்டார்கள். இந்தச் சங்கிலிகளில் பல இடங்களில் கொப்பரையும் போய்விட்டது. நீராவி பாய்ச்சும் அடுப்பு அந்த வேலையைப் பார்த்துக்கொண்டது. 1996இல் டங்கின் டோனட்ஸும் பேகல் போட்டது.

மூலைக்கு மூலை கடை திறந்ததன் பலனைக் கணக்கில் பார்க்கலாம். 1996இல் கெல்லாக் நிறுவனம் லெண்டர்ஸை 45.5 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. 1999இல் அதை 27.5 கோடிக்குத் தள்ளிவிட்டது. சங்கிலிக் கடைகளும் தள்ளாடின: மன்ஹாட்டன் பேகல் என்ற சங்கிலி 1997இலும், ஐன்ஸ்டைனும் நோவாஸும் சேர்ந்த கம்பெனி 2000த்திலும் திவால் மனு கொடுத்தன. கடன் வாங்கிக் கடை திறந்த வேகத்துக்கு வாடிக்கையாளர் வரவில்லை. கொஞ்ச காலத்தில் மாவுச்சத்தைக் குறைக்கச் சொல்லும் டயட் மோகம் வேறு வந்து சேர்ந்தது. தப்பிப் பிழைத்த கடைகள் கைமாறிக் கைமாறி இன்று பெரிய முதலீட்டு நிறுவனங்களின் குடையின்கீழ் இருக்கின்றன. மரி லெண்டர் 2012இல் தமது 81ஆவது வயதில் இறந்தார். அவர் படித்த குவின்னிப்பியாக் பல்கலைக்கழகத்தின் வணிகக் கல்லூரிக் கட்டடத்துக்கு லெண்டர் பெயர்தான்.

இந்தக் கூச்சலுக்கு நடுவில் நியூயார்க்கில் கொப்பரையை அணையவிடாமல் வைத்திருந்தவர்கள் வேறு தீவுகளிலிருந்தும் நாடுகளிலிருந்தும் வந்தவர்கள். 1972இல் மன்ஹாட்டனில் எச் அண்ட் எச் பேகலைத் தொடங்கிய இரண்டு மைத்துனர்கள் புவெர்ட்டோ ரிக்கோக்காரர்கள். இருவர் பெயரின் முதல் எழுத்தும் எச். அவர்களுக்குப் பின்னால் தாய்லாந்துக்காரர்கள் கடை போட்டார்கள். லோக்கல் 338 மகனுக்கும் மருமகனுக்கும் மட்டும் என்று பூட்டிவைத்திருந்த வேலையை, சங்கம் போனபின், கற்றுக்கொள்ள வந்தவர்கள் எல்லாம் கற்றுக்கொண்டார்கள்.

எந்திரமும் வேண்டாம், ஃபிரீசரும் வேண்டாம் என்று இருந்துவிட்ட ஊர் ஒன்றும் இருக்கிறது. கனடாவின் மாண்ட்ரியால். புக்கன்வால்ட் வதைமுகாமிலிருந்து உயிரோடு வந்த மேயர் லூகோவிச் 1957இல் அங்கே விறகு அடுப்புப் போட்டு, தேன் கலந்த கொதிநீரில் பேகலை வேகவைத்தார். அவரிடம் வேலைக்குச் சேர்ந்த ஓர் இத்தாலியப் பையன் பிற்பாடு அந்தக் கடைக்கே முதலாளியானான். அடுத்த இதழில் அங்கே போவோம்.

(தொடரும்)